காக்கை தொடாத இலை

செத்துப்போனவனைக் கொண்டாடுவதில் பல வசதிகள் உண்டு. அவனுக்கு முடி கொட்டாது, பல் விழாது, நாம் சொல்வதை மறுத்தும் பேசமாட்டான். காரமடைக்குப் பக்கத்தில் ஆறுச்சாமி வருடம் தவறாமல் மே மாதத்தில் கட்டுகிற பிளக்ஸ் தட்டியில் இருக்கும் கதிர்மாறனும் அப்படித்தான். வயது பத்தொன்பது, அடர்ந்த மீசை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள். கீழே சிவப்பு எழுத்தில், ‘இறுதிவரை சரணடையாமல் களத்தில் வீழ்ந்த எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று போட்டிருக்கும்.

அந்தப் பிள்ளை அந்தத் தட்டிக்கு எதிரேயே பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறது. தலை வழுக்கை, தாடி நரை, முன்பற்கள் இரண்டு இல்லை, கன்னத்தில் ஷெல் துண்டு கிழித்த தழும்பு, கையில் பெயிண்ட் வாளி. சொந்தப் பெயர் தவசீலன். கதிர்மாறன் என்பது இயக்கம் வைத்த பெயர். பக்கத்தில் நின்ற யாரும் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் ஒன்றும் பிடிபட்டிருக்காது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மனிதனுக்கு அது ஒத்துவராது. தட்டியில் இருந்தவனுக்கு மாலை விழுந்தது. கீழே நின்றவனை, பெயிண்ட் வாளியோடு ஏறக்கூடாது என்று கண்டக்டர் இறக்கிவிட்டார்.

எண்பத்தாறில் இயக்கத்துப் பையன்கள் இந்தப் பக்கம் வந்து தங்கியிருந்த காலம். முழங்காலுக்குக் கீழே குண்டுக் காயத்தோடு படகேறி வந்த தவசீலனை, தமிழ் தமிழ் என்று ரத்தம் கொதித்துத் திரிந்த ஆறுச்சாமி தன் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிவந்து ஒளித்து வைத்தார். கூட்டிவந்ததோடு அவர் வேலை முடிந்தது. கூட்டம், ஊர்வலம் என்று அவர் போய்விட, காயம் கழுவிக் கட்டுப்போட்டதும் கஞ்சி காய்ச்சி ஊற்றியதும் அவர் மனைவி ராசாத்தாள்தான். கல்யாணமாகி இரண்டு வருடம், பிள்ளை இல்லை, கூடப்பிறந்த தம்பியும் இல்லை. பேசப் பயந்து மூலையில் கிடந்த பையனை அவள் முதல் நாளே ‘சாமி’ என்று கூப்பிட்டுவிட்டாள்.

அவன் ஊரில் சோறு தின்பது தட்டில். இங்கே இலையில் போட்டதும் தின்றுவிட்டு விரித்தபடியே விட்டு எழுந்தான். அவள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

“எலைய உம்பக்கமா மடக்கோணும் சாமி. அப்பத்தான் ஒறவு நெலைக்கும். அந்தப் பக்கமா மடக்குனா அது எழவூடு.”

அன்றிலிருந்து அவன் மறக்காமல் தன் பக்கமாக மடக்கினான். மடக்கிவிட்டு, தண்ணீர் டம்ளரை எடுத்து இலைமேல் வைப்பான். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவன். காற்று எதையும் கொண்டுபோய்விடும் என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. எலை எந்திரிச்சு ஓடியா போயிரும் என்று அவள் சிரிப்பாள். அவனும் சிரிப்பான், டம்ளரை மட்டும் எடுக்கமாட்டான். கால் தேறியதும் ஆறுச்சாமி காரமடை ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார். ராசாத்தாள் அரிசிம்பருப்புச் சாதம் கட்டிக்கொடுத்தாள். அவன் போய்விட்டான்.

அதன்பிறகு அவள் கையால் கட்டிய சோறு எதையும் அவன் காணவில்லை. இருபத்துச் சொச்சம் வருடம் சண்டை. கடைசியில், இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தில், ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் நீரேரியுமாக இருந்த ஒரு கீற்று மணலில் அத்தனை சனமும் வந்து சேர்ந்தது. பதுங்கு குழி வெட்டினால் தண்ணீர் ஊறியது. மேலே ஷெல், கீழே தண்ணீர், நடுவில் பிணம். அரிசி ஒரு பிடி போட்டு ஒரு பானை நீர் ஊற்றிய கஞ்சிக்கு வரிசை நின்றது, வரிசையின் மேலும் ஷெல் விழுந்தது. கூட நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, காலையில் தவசீலன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை என்ற நிலை வந்தது. இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் தனியே வந்து பதியவேண்டும் என்று அக்கரையில் ராணுவத்தின் ஒலிபெருக்கி அழைத்துக்கொண்டிருந்தது.

கழுத்தில் நஞ்சுக் குப்பி இருந்தது. அதைக் கடிப்பதாகத்தான் சத்தியம். அவன் அதைக் கழற்றி நீரேரியில் எறிந்தான், கையைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போகிற பாலத்தில் நடந்தான். ஏன் என்று பிறகு விசாரித்தவர்கள் கேட்டார்கள், அவனும் தன்னையே கேட்டுப் பார்த்துக்கொண்டான். பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை. உயிரோடு இருக்க ஆசையாக இருந்தது. பசித்தது. அவ்வளவுதான்.

அவனோடு கை தூக்கியவர்களில் பலர் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவனை அடைத்து வைத்து, வருடங்கள் கழித்து வெளியே விட்டார்கள். வெளியே வந்தால், ஒரு பக்கம் விசாரிக்க வருகிற போலீஸ், மறு பக்கம் இவன் மட்டும் எப்படித் தப்பினான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற சொந்தம். அம்மா சண்டையிலேயே போய்விட்டாள். மேட்டுப்பாளையம் பக்கத்து அகதி முகாமில் சித்தப்பா ஒருவர் இருந்தார். அவரைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். உண்மையில் அவன் தேடி வந்தது ராசாத்தாளின் வீட்டை. முகாமிலிருந்து ஒரு பஸ் தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கிளம்பி, பஸ் நிறுத்தத்தில் இறங்கி, நிமிர்ந்து பார்த்தால் தட்டி. ‘சரணடையாமல்.’ எதிர்த் திசையில் அடுத்து வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டான்.

கதிர்மாறன் இறந்த சேதியை ஆறுச்சாமிக்கு யாரும் நேராகச் சொன்னதில்லை. வெளிநாட்டிலிருந்து யாரோ, அவர் கடைசிவரைக்கும் நின்றவர் என்று போனில் சொன்னதாக ஒரு கேள்வி. மீதியை அவரே சேர்த்துக்கொண்டார். அந்த விஷயத்தில் அவருக்குக் கை தாராளம்.

சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார். தவசீலன் ஒற்றை அறையில் தனியாகச் சமைத்து, தனியாகத் தின்று, மாசாணம் மேஸ்திரியின் கீழ் பெயிண்ட் வேலைக்குப் போய்வந்தான். பேசினால் ஊர் தெரிந்துவிடும் என்று வாயைக் குறைத்துக்கொண்டான். குறைத்த வாய் பிறகு பழகிவிட்டது. சில நாள் காலையில் முகாமில் கணக்கெடுப்புக்கு வந்தவருக்கு ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்று சொன்னதுதான் அன்று முழுவதும் அவன் பேசிய பேச்சாக இருக்கும்.

இந்த வருடம் மே மாதத்தில், ஒரு கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கவேண்டும் என்று மாசாணம் ஆட்களைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி தட்டியைத் தாண்டிச் சந்தில் திரும்பும்போதுதான் தவசீலனுக்கு விளங்கியது. குதித்துவிடலாம் என்று நினைத்தான். கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு நின்றது. கிணற்றோரத்து வேம்பு மட்டும் பழையது.

ராசாத்தாள் வாசலுக்கு வந்தாள். அறுபது தாண்டிவிட்டது. சர்க்கரை வியாதி ஆளை உருக்கியிருந்தது. அவனைப் பார்த்து, ஏனுங்க, தண்ணி வேணும்னா இந்தக் குடத்துல மோந்துக்கோங்க என்றாள். அவன் தலையை ஆட்டினான். அந்த ‘ங்க’ அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்தது.

கல்யாண மாப்பிள்ளை அவள் மகன். மாறா, மாறா என்று நாளெல்லாம் கூப்பிட்டார்கள். மகனுக்குக் கதிர்மாறன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது புரிய தவசீலனுக்கு ஒரு முழு நாள் பிடித்தது. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்து, ஒரு தடவை சாரத்திலிருந்து ரோலரைத் தவறவிட்டான்.

இலங்கைக்காரர் ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார் என்பதை மாசாணம் போட்டுக்கொடுத்துவிட்டார். கதிர்மாறனுக்குப் படையல் வைக்கும் நாள் காலையில் ஆறுச்சாமி, குளித்து வேட்டி மடிப்புக் கலையாமல், மாடிப்படி வரைக்கும் வந்து அவனைக் கீழே கூப்பிட்டார். கூடத்தில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கதவோரம் ராசாத்தாள் நின்றிருந்தாள்.

“கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தீங்களாமா? எங்க கதிர்மாறனைத் தெரியுமுங்களா?”

தவசீலன் படத்தைப் பார்த்தான். “கேள்விப்பட்டிருக்கிறன்.”

“கையத் தூக்கிட்டுப் போன கூட்டத்துல அவன் இல்லீங்களே?”

அந்த ஒரு நொடியில் அவன் வாழ்க்கை முழுவதும் இருந்தது. நான்தான் அது, அக்கா, நான்தான் என்று சொல்லிவிட நாக்கு புரண்டது. சொன்னால் இந்த வீட்டுக்கு ஒரு கிழட்டு அகதி கிடைப்பான், ஒரு வீரன் போவான். மகனின் பெயரும், தட்டியும், மாலையும் என்ன ஆகும்? “இல்லை,” என்றான்.

“அதான பாத்தேன். எங்கூட்டுச் சோத்தத் தின்னவன் கையத் தூக்குவானுங்களா?” ஆறுச்சாமி மனைவியைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

ராசாத்தாளுக்கு அந்தப் பெருமை எட்டியதாகத் தெரியவில்லை. அவள் வேறொன்று கேட்டாள். “அங்க அந்தக் கடைசீல, சோறு இருந்துச்சுங்களா?”

“கஞ்சி இருந்தது.” இதில் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவருக்கு இரண்டாம் கோட்டு அடித்து முடித்தான். உச்சி வேளைக்கு ராசாத்தாள் இலையோடு வந்தாள். காக்காய்க்கு வைக்கிற இலை பொதுவாகக் கையகலம் இருக்கும். இது பந்தி இலை. நெய் விட்ட அரிசிம்பருப்புச் சாதம், தயிர், கத்திரிக்காய்ப் பொரியல், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். காயாத பெயிண்டைத் தவிர்த்துத் தண்ணீர்த்தொட்டி மேடைமேல் வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிட்டாள். வானம் வெறுமனே இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனாள்.

கீழே பேசுவது அவனுக்குக் கேட்டது. மாசாணம் தலையிலடித்துக்கொள்ளாத குறையாக மற்றவர்களிடம் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். வருடாவருடம் இதே கூத்து. காக்காய் தொடாமல் இந்த வீட்டில் இலை விழாது, காக்காயோ ஒரு வருடமும் தொட்டதில்லை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு மற்றவர்கள் தின்பார்கள், அந்தம்மா மட்டும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் படுத்துவிடும். போன வருடம் மயக்கம் போட்டு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

ரோட்டை அகலப்படுத்தப் புளியமரத்தையெல்லாம் வெட்டிப்போட்டால் காக்காய் எங்கிருந்து வரும், விமானத்திலா வரும் என்று ஆறுச்சாமி சலித்துக்கொண்டார். நியாயமான கேள்விதான். ராசாத்தாளிடம் நியாயம் செல்லவில்லை.

“அவனுக்கு என்னமோ கொறை இருக்குதுங்க. பசியோட போயிருக்கறான். அதான் தொடமாட்டீங்கறான்.” குரல் தளர்ந்திருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டாயா என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

தவசீலன் சுவரோரம் நின்று நாலா பக்கமும் பார்த்தான். வாயில் கை குவித்துக் கரைந்தும் பார்த்தான். தூரத்துக் கம்பியில் ஒரு மைனா இருந்தது, அதுவும் பறந்துவிட்டது. மணி இரண்டைத் தாண்டியது. அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவன் உயிரோடு இருக்கிற குற்றத்துக்கு அவள் பட்டினி கிடக்கிறாள்.

இலையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பின்பக்கம் வீசிவிட்டால் போதும். கையில் எடுத்தான். வீச முடியவில்லை. அந்த மணலில் கஞ்சிக்கு நின்ற எவனும் சோற்றை வீசமாட்டான். எடுத்த கை வாய்க்குப் போனது.

ஒரு வாய்தான் என்று நினைத்தான். நெய்யும் பூண்டும் சீரகமுமாக அந்த ருசி நாக்கில் பட்டது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இலையை இறக்கி முன்னால் வைத்துக்கொண்டான். கண்ணீர் தாடியில் இறங்கியது. துடைக்கவில்லை. தனக்கு வைத்த படையலைத் தானே தின்றான். பொரியலைத் தின்றான், கச்சாயத்தைத் தின்றான், தயிரை வழித்தான், தண்ணீரைக் குடித்தான். கைப்பழக்கத்தில் இலையை மடக்கினான். எடுத்து மேடைமேல் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கை கழுவி, படிக்கட்டருகே வந்து குரல் கொடுத்தான்.

“காக்கா எடுத்துருச்சுங்க.”

கீழே கலகலப்பு எழுந்தது. இலை போடுங்க, இலை போடுங்க என்று ஆறுச்சாமி சத்தமிட்டார். ராசாத்தாள் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். கண்ணால் பார்க்கவேண்டுமே.

அவள் மேடைக்கு முன்னால் போய் நின்றபிறகுதான் தவசீலனும் பார்த்தான். இலை மடக்கியிருந்தது. மடக்கிய இலைமேல் டம்ளர் உட்கார்ந்திருந்தது. எப்போது வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

காக்காய் இலையை மடக்காது. டம்ளரைத் தூக்கி வைக்காது. அவள் டம்ளரைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். முகத்தில் அதிக நேரம் தேடவில்லை. பார்வை கீழே இறங்கி, சுருட்டிவிட்ட கால்சட்டைக்குக் கீழே இருந்த பழைய தழும்பில் நின்றது. ஆமணக்கு இலை வாட்டி அவள் கட்டிய கால். அவன் சுவரோடு சுவராக நின்றான். பாலத்தில் நடந்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

“எடுத்துருச்சா?” கீழிருந்து ஆறுச்சாமி கத்தினார்.

“எடுத்துருச்சுங்க,” என்றாள் ராசாத்தாள், அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். “மிச்சமில்லாம எடுத்துருச்சு.”

அவள் இலையை டம்ளரோடு தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள். தான் வெறுக்கப்படுகிறோமா, மன்னிக்கப்படுகிறோமா என்று தெரியாமல் அவன் நின்றுகொண்டிருந்தான். மாசாணம் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போகவேண்டியிருந்தது.

அந்த வீட்டில் வருடத்துக்கு ஒரு நாள் எல்லோருக்கும் ஒரே பந்தி. கதிர்மாறன் சாதி பார்க்காதவன் என்பதால் அவன் நினைவுநாளில் ஆறுச்சாமியும் பார்ப்பதில்லை. மறுநாள் பழையபடி வேலைக்காரர்களுக்குத் தனி டம்ளர் வந்துவிடும். கூடத்தில் படத்துக்குக் கீழே வரிசையாக இலை விழுந்தது. தவசீலன் கடைசி இலையில் உட்கார்ந்தான். ராசாத்தாளை மகன் முதலில் உட்காரவைத்துவிட்டான். அவள் தலை குனிந்து, கவளம் கவளமாக, இலையில் ஒன்றும் வைக்காமல் சாப்பிட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள். மகன் அப்பாவைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான்.

ஆறுச்சாமி கதையை எடுத்தார். கடைசிக் குண்டுவரை சுட்டது, குப்பியைக் கடித்தது, எதிரியே தொப்பியைக் கழற்றியது. போன வருடம் தொப்பி இல்லை என்று மாசாணம் மெல்ல முணுமுணுத்தார். தவசீலன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பத்துப் பேர் வரிசையில் இவ்வளவு தனியாக உட்காரமுடியும் என்று அவனுக்கு இதற்குமுன் தெரியாது.

சாப்பிட்டு முடித்தவர்கள் இலையை மடக்கத் தொடங்கினார்கள். இறந்தவனுக்குப் போட்ட சோறு, அதனால் எல்லோரும் அந்தப் பக்கமாக மடக்கினார்கள். மாசாணமும், மாப்பிள்ளையும், ஆறுச்சாமியும். தவசீலன் கொஞ்சம் தயங்கினான். பிறகு அவனும் அந்தப் பக்கமாகவே மடக்கினான். செத்தவனாக இருந்துவிட்டுப் போவோம், இவள் வயிறு நிறைந்ததல்லவா என்று தோன்றியது. டம்ளரை இலைமேல் வைக்காமல் தரையிலேயே விட்டான்.

எழப்போனவன் தோளில் ஒரு கை அழுத்தியது. ராசாத்தாள் அவனுக்கு முன்னால் மெல்லக் குந்தி உட்கார்ந்தாள். அந்த வீட்டு அம்மா பெயிண்ட்காரனின் எச்சில் இலையில் கை வைப்பதைப் பந்தி முழுவதும் பார்த்தது. அவள் இலையைப் பிரித்தாள். அவன் பக்கமாகத் திருப்பி மடக்கினாள். தரையிலிருந்த டம்ளரை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

என்ன பண்ணுகிறாய் என்று ஆறுச்சாமி கேட்டது அவள் காதில் ஏறவில்லை.

“நாளைக்கும் வா சாமி,” என்றாள். “மாடியில இன்னொரு கோட்டு பாக்கி இருக்குது.”

மாடி காலையிலேயே முடிஞ்சுதுங்களே அம்மா என்றார் மாசாணம்.

“இல்ல மாசாணா. முடியல.” அவள் தரையில் கை ஊன்றி எழுந்தாள். பழைய வீட்டில் அவன் படுத்துக் கிடந்த மூலை இருந்த இடத்துக்கு எதிரே, டம்ளர் வைத்த இலைக்கு முன்னால், தவசீலன் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.